மோல்மேனில் சேறு, பூக்கெட்டில் நீலம்: இரண்டும் ஒரே கடல்

தம்பி,

ரங்கூனிலிருந்து நீங்கள் மூன்று கேள்விகள் எழுதியிருந்தீர்கள். சென்னையில் இருக்கும் உங்கள் அத்தை மகன், "உங்க ஊர்க் கடலும் எங்க மெரினாவும் ஒண்ணுதான், ரெண்டுமே வங்காள விரிகுடா" என்கிறார். அது சரியா என்பது முதலாவது. மோல்மேனுக்குத் தெற்கே செட்ஸே கடற்கரையில் பால் ஊற்றிய தேநீர்போலக் கிடக்கும் தண்ணீர், உங்கள் நண்பர் பூக்கெட்டிலிருந்து அனுப்பிய படத்தில் பளிங்கு நீலமாக இருக்கிறதே, இதுவும் அதுவும் ஒரே கடலா என்பது இரண்டாவது. போன வருஷம் குடும்பத்தோடு செட்ஸேக்குப் போய், "கடலையே காணோம்" என்று திரும்பி வந்தீர்களே, அது ஏன் என்பது மூன்றாவது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் இரண்டும் தெரிந்தால் மூன்றாவது தானே விளங்கும்.

நான் மோல்மேனில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் கரையோரக் கப்பலில் ஏறி, பத்துப் பன்னிரண்டு வருஷம் சுக்கான் பிடித்தேன். ரங்கூன், தாவாய், மெர்குயி, விக்டோரியா பாயிண்ட் என்று போய்த் திரும்புவதுதான் வேலை. பிறகு கண் சரியில்லை என்று கரையேறி, பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தே காலம் போயிற்று. ஆகவே கண்ணால் பார்த்ததும் படித்ததும் இதில் கலந்துதான் வரும்.

உங்கள் அத்தை மகன் சொன்னது பாதி சரி. வரைபடத்தில் கோடு இருக்கிறது. ஐராவதி டெல்டாவின் மேற்கு மூலையில் நெக்ரைஸ் முனை இருக்கிறதல்லவா, மோடின் பகோடா இருக்கும் இடம். அங்கே தொடங்கும் கோடு அந்தமானின் பெரிய தீவுகள் வழியாகச் சின்ன அந்தமான் வரை இறங்குகிறது. பிறகு நிக்கோபாரின் மேற்குத் தீவுகளைத் தொட்டுக்கொண்டு சுமத்ராவின் வடமேற்கு மூக்கில் போய் முடிகிறது. அந்தக் கோட்டுக்கு மேற்கே வங்காள விரிகுடா, கிழக்கே அந்தமான் கடல். அதனால் ரங்கூன்காரர்கள் லீவுக்குப் போகும் சௌந்தாவும் ங்வே சௌங்கும் வங்காள விரிகுடா. பியாபோன், போகலே, மோல்மேன், தாவாய், மெர்குயி எல்லாம் அந்தமான் கடல். சௌந்தாவில் குளித்துவிட்டு வந்த நீங்கள் மெரினாவில் குளித்ததாகவே சொல்லிக்கொள்ளலாம், யாரும் மறுக்க முடியாது. செட்ஸேயில் குளித்தவருக்கு அந்தப் பெருமை கிடையாது.

கோடு என்றதும் சர்வே ஆபீஸ்காரர்கள் பென்சிலால் போட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு மலைத்தொடர். நம் மேற்கே இருக்கும் அரக்கான் யோமா நெக்ரைஸில் கடலுக்குள் இறங்குகிறது. இறங்கி மறைந்துபோகாமல், தண்ணீருக்கடியில் தெற்கே ஓடுகிறது. அதன் முதுகு வெளியே தெரியும் இடங்களுக்குத்தான் பிரிபாரிஸ், கோகோ, அந்தமான், நிக்கோபார் என்று பெயர் வைத்திருக்கிறோம். கடைசியில் அதுவே சுமத்ராவின் மலைகளோடு போய்ச் சேர்கிறது. ஆகப் படத்தில் சிதறிய புள்ளிகளாகத் தெரிபவை எல்லாம் ஒரே மதிலின் மேல்விளிம்பு. கிழக்கே நம் தெனாசரிம் கரையும் தாய்லாந்தும் இன்னொரு மதில். வடக்கே ஐராவதி டெல்டா, தெற்கே சுமத்ரா. செட்டிநாட்டு வீட்டில் நாலு பக்கமும் கட்டு எழுப்பி நடுவே வளவு விட்டிருப்பார்களே, அதுதான் இந்தக் கடல். வடக்கு தெற்காகச் சுமார் 1,200 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 650. பரப்பு ஏறத்தாழ 8 லட்சம் சதுர கிலோமீட்டர். பர்மா முழுவதையும் தூக்கி உள்ளே வைத்தாலும் சுற்றிவர இடம் மிஞ்சும்.

வளவுக்கு வாசல் வேண்டுமே. மேற்கு மதிலில் மூன்று வாசல் பெரியவை. நெக்ரைஸுக்கும் அந்தமானுக்கும் நடுவில் பிரிபாரிஸ் கால்வாய். சின்ன அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் நடுவில் பத்து டிகிரிக் கால்வாய். பத்தாவது அட்சக்கோடு அதன் வழியே போவதால் அந்தப் பெயர், அகலம் 150 கிலோமீட்டர் அளவு. பெரிய நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் இடையே ஆறு டிகிரிக் கால்வாய். இலங்கைக்குத் தெற்கே வளைந்து சிங்கப்பூர் போகிற கப்பல்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி வாசலில் நுழைந்து, தென்கிழக்கு மூலையிலுள்ள மலாக்கா நீரிணை வழியாக வெளியேறிவிடும். உலக வியாபாரத்தில் பெரிய பங்கு இந்தக் கடலின் தெற்கு ஓரத்தை உரசிக்கொண்டு போகிறது. நம் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

எந்தெந்த நாடு என்று கேட்டால் பர்மா, தாய்லாந்து, இந்தோனேசியா, இந்தியா. மலேசியாவையும் சேர்த்து ஐந்து என்று பொதுவாகச் சொல்வார்கள். கோட்டைக் கறாராகப் பிடித்தால், பூக்கெட் தீவின் தென்முனையிலிருந்து சுமத்ராவுக்கு இழுக்கிற கோடுதான் இந்தக் கடலின் தென்கிழக்கு எல்லை. லங்காவியும் பினாங்கும் அதற்கப்பால் மலாக்கா நீரிணைக்குள் போய்விடும். லங்காவிக்காரரிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார், அவர் ஓட்டல் வாசலில் அந்தமான் என்று போர்டு எழுதியிருக்கும். தண்ணீருக்குக் கோடு தெரியாது என்பதால் நான் அவர் பக்கம். இந்த நாடுகளில் மிக நீளமான கரை நம்முடையது. ஆனால் கடலுக்குப் பெயர் கொடுத்தது இந்தியாவின் தீவு. அந்தத் தீவுகளும் சென்னையைவிட நமக்குத்தான் பக்கம். ரங்கூனிலிருந்து போர்ட் பிளேர் நேர்கோட்டில் 700 கிலோமீட்டருக்குள் வந்துவிடும், சென்னையிலிருந்து அதைப்போல இரண்டு மடங்கு. கோகோ தீவுகள் நம்முடையவை. அங்கிருந்து பார்த்தால் அந்தமானின் வடகோடித் தீவு சில பத்து கிலோமீட்டர்தான். என் சின்ன வயதில் "கோகோ" என்றாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். 1959 முதல் 1971 வரை அங்கே சிறைக்குடியிருப்பு வைத்திருந்தார்கள்.

இனி சேற்றுக்கு வருவோம். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மார்த்தபான் வளைகுடா என்று நாம் சொல்வது இந்தக் கடலின் வடக்கு மூலை. மேற்கே ஐராவதி, நடுவில் சிட்டாங், கிழக்கே நம் சால்வீன், மூன்றும் இந்த ஒரே மூலையில் வந்து கொட்டுகின்றன. ஐராவதி 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவருகிறது. சால்வீன் திபெத்தில் பிறந்து அதைவிட நீளமாக ஓடி, மோல்மேன் வாசலில் அத்தரானையும் ஜாயிங்கையும் சேர்த்துக்கொண்டு, பீலூஜூன் தீவின் இரண்டு பக்கமும் பிரிந்து கடலில் விழுகிறது. வருஷத்துக்குக் கோடிக்கணக்கான டன் மண். அதில் பெரும்பகுதி மழைக்கால மாதங்களில் வந்துவிடும்.

மண் வந்தால் மட்டும் போதுமா, அடியில் தங்கிவிடக் கூடாதா என்று கேட்பீர்கள். இங்கே தங்க விடாதது ஓதம், அதாவது கடல் தினமும் ஏறி வற்றுவது. வளைகுடா புனல்போல உள்ளே போகப்போகக் குறுகுகிறது. அடித்தளமோ 200 கிலோமீட்டருக்கு மேல் அகலமாக விரிந்த, ஆழமில்லாத தட்டு. வெளியே பெருங்கடலில் ஒரு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும் ஓதம் இந்தப் புனலுக்குள் நுழைந்ததும் நெருக்கப்பட்டு உயர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 6, 7 மீட்டர் வரை போகும். இரண்டு மாடி வீட்டு உயரத் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் இறங்கினால் அடியில் படிந்த சேறு சும்மா கிடக்குமா? கிளறிக் கிளறி எடுத்துக்கொண்டே இருக்கும். பெரிய ஓத நாட்களில் கலங்கல் 45,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிகிறது. அட்டமி, நவமி பக்கம் ஓதம் சிறுக்கும்போது அது 15,000-க்கும் கீழே சுருங்கிவிடும். அதாவது, சேற்றுக்கும் தெளிவுக்கும் நடுவிலுள்ள விளிம்பு பதினைந்து நாளுக்கொரு முறை 150 கிலோமீட்டர் அளவுக்கு முன்னும் பின்னும் நடக்கிறது. செயற்கைக்கோள் படம் எடுத்துப் பார்த்தவர்கள் இதை அளந்து சொன்னார்கள். எங்களுக்கு அளவு தெரியாது, ஆனால் தெற்கிலிருந்து வரும்போது இந்தத் தடவை பச்சைத்தண்ணீர் எங்கே முடியும் என்று சரங், மாலுமிகளின் தலைவர், நிலாவைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அந்த விளிம்பைக் கடப்பது விசித்திரமான காட்சி. கடலுக்கு நடுவே தரை எல்லை போட்டதுபோல ஒரு வரி. இந்தப் பக்கம் கரும்பச்சை, அந்தப் பக்கம் காவி. வரியிலே நுரையும் மரத்துண்டும் தென்னை மட்டையும் மிதக்கும். புதிதாகக் கப்பலில் ஏறிய பையன்கள், தரை தட்டப்போகிறது என்று பயந்து கத்துவார்கள். நானும் ஒரு தடவை கத்தியிருக்கிறேன்.

ஓதம் ஆற்றுக்குள்ளும் ஏறும். சிட்டாங் வாயில் பெரிய ஓத நாட்களில் தண்ணீர் சுவர்போல எழும்பி ஆற்றை எதிர்த்து ஓடும். படகுக்காரர்கள் அந்த நேரத்தில் நடு ஆற்றில் இருக்க மாட்டார்கள். அதே ஓதம் கரையையும் அரிக்கிறது. பெகு பக்கத்திலும் பிலின் பக்கத்திலும் வயலோடு கிராமங்களே போயிருக்கின்றன. ஒரு கரையில் தின்ற மண்ணை இன்னொரு கரையில் சேற்றுமேடாகக் கக்கிவிடுகிறது. கரண்டிமூக்கு உள்ளான் என்று ஒரு சின்னப் பறவை, உலகத்தில் சில நூறுதான் மிச்சம். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் முட்டையிட்டுவிட்டுக் குளிர்காலத்துக்கு இந்தச் சேற்றைத் தேடி வருகிறது. அதில் பாதிக்கு மேல் மார்த்தபான் சேற்றில்தான் தங்குகிறது. 2017-இல் இந்த வளைகுடாவின் ஒரு பகுதியை ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவித்தார்கள். நாம் முகம் சுளிக்கும் சேறு அந்தப் பறவைக்குச் சோறு. நமக்கும்தான், நாப்பி விழுதுக்கு இறால்குஞ்சு வேறெங்கிருந்து வருகிறது என்று நினைத்தீர்கள்?

சேறு மோல்மேனின் தலையெழுத்தையும் மாற்றியது. 1826 யாண்டபோ உடன்படிக்கையில் தெனாசரிம் கரை வெள்ளைக்காரன் கைக்குப் போனது. மறுவருஷம் மோல்மேன் அவர்களுடைய பர்மாவுக்குத் தலைநகரானது. தேக்கும் கப்பல் கட்டும் பட்டறைகளுமாக ஊர் பெருத்தது. 1852-இல் ரங்கூன் கிடைத்ததும் தலைநகரம் அங்கே மாறியது. அதற்கு அரசியல் காரணம் பல உண்டு. ஆனாலும் சால்வீன் வாயில் மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருப்பதும், ஓதம் பார்த்துத்தான் கப்பல் உள்ளே வர முடியும் என்பதும் இந்த ஊரை மெல்ல ஓரங்கட்டின. சால்வீன் வாய்க்கு வெளியே நங்கூரம் போட்டு ஓதத்துக்காகக் காத்துக்கிடந்த மணிநேரங்களைக் கூட்டினால் என் வாழ்க்கையில் ஒரு வருஷம் வரும்.

நீலத்துக்கு விடை இப்போது எளிது. தாவாய் தாண்டித் தெற்கே போனால் பெரிய ஆறு கிடையாது. தெனாசரிம் ஆறு மெர்குயி ஊரை ஒட்டிக் கொஞ்சம் கலக்கும், அவ்வளவுதான். தாய்லாந்துப் பக்கம் மலை கடலுக்கு மிக அருகிலேயே நிற்பதால் ஆறுகள் குட்டை. ஓதமும் அங்கே நம் மூலையில் பாதிகூட இல்லை. மண் இல்லை, கிளறுவதும் இல்லை. ஆகவே பவளம் வளர்கிறது, வெயில் அடிவரை போகிறது, உங்கள் நண்பர் படம் எடுக்கிறார். ஆனால் பூக்கெட் வரை போக வேண்டாம், அந்த நீலம் நம்மிடமே இருக்கிறது. மெர்குயித் தீவுக்கூட்டம் 400 கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது, 800-க்கு மேல் தீவுகள். கரையிலிருந்து வெளித்தீவுகளுக்குப் போகப்போகத் தண்ணீர் பச்சையாகி, பிறகு நீலமாகும். அங்கே படகையே வீடாக வைத்து வாழ்ந்தவர்கள் மோக்கன். பர்மியர் சலோன் என்பார்கள். முத்தும் கடல் அட்டையும் குளித்து எடுப்பார்கள். இப்போது பெரும்பாலானவர்களைக் கரையில் குடியேற்றிவிட்டார்கள்.

உப்பிலும் இந்த வேறுபாடு உண்டு. தெற்கே லிட்டருக்கு 33 கிராமுக்கு மேல். மழைக்காலத்தில் வடக்கு மூலையில் அது 20 அளவுக்கு இறங்கிவிடும். ஆவணி மாதத்து மார்த்தபானைப் பாதி ஆறு என்றே சொல்லலாம்.

இவ்வளவும் மேல்தண்ணீர்ச் சங்கதி. வளவின் தரை எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் இந்தக் கடல் ஏன் இருக்கிறது என்பதே புரியும். வடக்கும் கிழக்கும் ஆழமில்லாத தட்டு, பெரும்பாலும் 200 மீட்டருக்குள். நடுவிலும் மேற்கிலும் திடீரென்று குழி விழுந்து, ஆழமான இடத்தில் 4,000 மீட்டரைத் தாண்டுகிறது. காரணம், மேற்கு மதிலுக்கு வெளியே பூமியின் மேலோட்டுத் துண்டான இந்தியத் தட்டு, நாம் இருக்கும் துண்டுக்கு அடியில் சரிந்து நுழைகிறது. நேராக இடிக்காமல் சாய்வாக, வடக்கு நோக்கி இழுத்துக்கொண்டே நுழைகிறது. அந்த இழுப்பில் மதில் தரையிலிருந்து பிய்ந்து வடக்கே நகர, நடுவில் தரை கிழிந்து விரிகிறது. சுமார் 40 லட்சம் ஆண்டுகளாக அந்தக் கிழிசல் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் அகன்றுகொண்டிருக்கிறது. இது இன்னும் வளர்கிற கடல், தம்பி.

கிழிசலின் வடக்கு நுனி கடலோடு நிற்கவில்லை. மார்த்தபானில் கரையேறி, பெகு, நேப்பிடோ பக்கமாக மந்தலே வரையிலும் அதற்கப்பாலும் போகிறது. அதுதான் சகாயிங் பிளவு. 1930 மே மாதம் பெகுவில் ஷ்வேமோடோ பகோடாவைச் சாய்த்ததும் அதுதான். 2025 மார்ச் 28-ஆம் தேதி 7.7 அளவில் குலுங்கி, மந்தலேயிலும் சகாயிங்கிலும் 3,000-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதும் அதுதான். மந்தலேக்காரர்கள் கடலைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வீட்டைக் குலுக்கிய பிளவின் மறுநுனி இந்தக் கடலின் அடியில் இருக்கிறது.

மதிலுக்கு உட்பக்கமாக ஓர் எரிமலை வரிசையும் உண்டு. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே 140 கிலோமீட்டர் அளவில் பாரன் (Barren) தீவு. 1787-இல் அது நெருப்பு கக்கியதைக் கப்பல்காரர்கள் குறித்திருக்கிறார்கள். அப்புறம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் தூங்கி 1991-இல் விழித்தது, இன்னும் அவ்வப்போது புகைகிறது. அதற்கு வடக்கே நார்கொண்டம். இது அணைந்து கிடக்கிறது. 'நரக குண்டம்' என்பது திரிந்துதான் அந்தப் பெயர் என்பார்கள். நெருப்புக் கக்கும் தீவுக்கு இருந்த பெயரை யாரோ வரைபடத்தில் மாற்றிப் போட்டிருக்க வேண்டும் என்றும் ஒரு பேச்சு. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது, அணைந்த மலைக்கு எதற்கு நரகம்?

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைத் தவிர்த்து இந்தக் கடலைப் பேச முடியாது. மேற்கு மதிலின் வெளி அடிவாரம் சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனை நாலு மீட்டருக்கு மேல் தண்ணீருக்குள் இறங்கிப்போனது. இறந்தவரும் காணாமல்போனவரும் சுமத்ராவின் வடகோடி ஆச்சேயில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல், தாய்லாந்தில் 5,000-க்கு மேல், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000. நம் நாட்டில் அரசுக் கணக்கு 61. கணக்கை மறைத்துவிட்டார்கள் என்று அப்போது பலரும் பேசினார்கள். எண்ணிக்கை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் நாம் பெருமளவு தப்பித்ததற்குப் பூகோளத்திலேயே காரணம் இருக்கிறது. கிழிசல் வடக்கு தெற்காக ஓடியதால் அலையின் வேகமெல்லாம் கிழக்கேயும் மேற்கேயும்தான் போனது: இந்தப் பக்கம் பூக்கெட், அந்தப் பக்கம் இலங்கையும் நாகப்பட்டினமும். நாம் வடக்கு ஒதுக்கில் இருந்தோம். கிழிசலின் வடபாதியில் அசைவும் குறைவு. மிச்சம் வந்ததையும் மார்த்தபானின் ஆழமற்ற சேற்றுத்தட்டும் மெர்குயியின் தீவுகளும் தின்றுவிட்டன. கிழக்குக் கரையில் அலைக்கு முன்னால் கடல் உள்வாங்கியது. தாய்லாந்தின் சுரின் தீவில் இருந்த மோக்கன்கள் அதைப் பார்த்ததுமே மேட்டுக்கு ஓடினார்கள், கிராமமே தப்பியது. உள்வாங்கிய கடல் திரும்பி வரும் என்று அவர்கள் பாட்டன் சொன்ன கதை இருந்தது.

காற்றிலிருந்து வந்த அடி வேறு. 2008 மே 2-ஆம் தேதி வந்த நர்கிஸ் புயல் வங்காள விரிகுடாவில் பிறந்தது. வழக்கமாக வடக்கே திரும்பி அரக்கானையோ வங்காளதேசத்தையோ தாக்குகிற புயல், இந்தத் தடவை கிழக்கே வந்து, நெக்ரைஸ் மூலையில் ஏறி டெல்டாவின் நீளத்துக்கும் உழுதுகொண்டே போனது. மலையில்லாத, மேடில்லாத வயல்வெளி. இறந்தவரும் காணாமல்போனவரும் 1,38,000. என் மனைவியின் ஊர் பியாபோன். அதற்குமேல் நான் இதைப் பற்றி எழுதுவதில்லை.

உங்கள் அத்தை மகனுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்துக்குச் சொல்கிறார்களே, அதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தெற்கு அந்தமான் கடலில் மழை இறங்கிவிட்டது என்ற அறிவிப்பு வரும். முதல் துளி எங்கள் முற்றத்தில்தான். அதேபோல் ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டையும் ஒடிசாவையும் அடிக்கிற புயல்களில் சில, தாய்லாந்து வளைகுடாவில் கருவாகி, குறுகலான நிலத்தைத் தாண்டி அந்தமான் கடலில் விழுந்து, மறுபடி தெம்பேற்றிக்கொண்டு மேற்கே போகிறவை. 2013 பைலின் அப்படி. 2018-இல் வேதாரண்யம் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்த கஜாவின் மூலமும் தாய்லாந்து வளைகுடாதான்.

சுக்கான் பிடித்தவன் சொல்லாமல் விட முடியாத ஒன்று. ஒரு தடவை பினாங்குக்குச் சரக்கு ஏற்றிப்போனோம். காற்றே இல்லை, கடல் எண்ணெய் பூசிய தட்டு. திடீரென்று முன்னால் வெள்ளையாக ஒரு பட்டை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தண்ணீர் கொதிப்பதுபோலச் சலசலத்துக்கொண்டு வந்தது. கப்பல் அதைக் கடந்ததும் மறுபடி தட்டு. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பட்டை. பாறை என்று நினைத்து எனக்குக் கை நடுங்கியது. சரங் சிரித்தார். பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்: அவை கடலின் வயிற்றுக்குள் போகிற அலையின் நிழல். மேலே வெதுவெதுப்பான லேசான தண்ணீர், கீழே குளிர்ந்த கனத்த தண்ணீர். ஓதம் அந்த மேற்கு மதிலின் வாசல்களில் இடித்து நுழையும்போது இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை அலையாக எழும்புகிறது. 1960-களில் சுமத்ராவுக்கு வடக்கே அளந்தவர்கள் 80 மீட்டர் உயரம் கண்டார்கள். மேலே நமக்குத் தெரிவது அரை மீட்டர் சலசலப்பு, உள்ளே கோபுர உயரத்துக்கு அலை! உலகத்தில் இது பெரிதாகத் தெரியும் கடல்களில் நம்முடையது ஒன்று.

அதே மதில்தான் அடித்தண்ணீரையும் பூட்டி வைத்திருக்கிறது. வாசல்களுக்குக் கீழ்ப்படி உண்டு. அதற்குக் கீழே இருக்கும் வங்காள விரிகுடாவின் குளிர்நீர் உள்ளே வர முடியாது. அதனால் நம் குழிக்குள் அடிவரை ஏறத்தாழ 5 டிகிரி. மதிலுக்கு வெளியே அதே ஆழத்தில் அதைவிடக் குளிர். மெரினாவும் மோல்மேனும் வேறு வேறு கடல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் ஆட்கள் இந்த வளவைச் சுற்றியது ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சங்கதி. முதலாம் இராசேந்திரன் 1025-இல் அனுப்பிய கடற்படை பிடித்த ஊர்களைத் தஞ்சைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. அதில் மானக்கவாரம் நிக்கோபார். இலாமுரிதேசம் ஆச்சே. கடாரம் கெடா. தலைத்தக்கோலம் பூக்கெட்டுக்கு வடக்கே தாக்குவாபா பக்கம் என்பார்கள். மாபப்பாளம் நம் பர்மாக் கரை என்று ஒரு கட்சி. படத்தில் விரல் வைத்துப் பாருங்கள், விரல் இந்தக் கடலைச் சுற்றி வரும். அதற்கும் முன்னே, ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, தாக்குவாபாவில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தை வெட்டி மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழுவின் காவலில் விட்ட செய்தி. வியாபாரிகள் ஏன் அங்கே குளம் வெட்டினார்கள்? அங்கே நிலம் குறுகல். மலாக்காவைச் சுற்றாமல் சரக்கை இறக்கி, காடு தாண்டி, மறுபக்கக் கடலில் ஏற்றிவிடலாம். இன்னும் கொஞ்சம் வடக்கே, விக்டோரியா பாயிண்டுக்கு மேலே கிரா பக்கம், நிலம் 44 கிலோமீட்டர்தான். அங்கே கால்வாய் வெட்டலாம் என்ற யோசனை 1677-இலிருந்து பேச்சாகவே இருக்கிறது.

இதே பூகோளம் நம்மவரைக் கொன்றும் இருக்கிறது. 1942-இல் ஜப்பான்காரனுக்கு ரங்கூனுக்குச் சரக்கு கொண்டுவர இருந்த வழி மலாக்கா, பிறகு இந்தக் கடல். அதில் நேச நாட்டு நீர்மூழ்கிகள். ஆகவே கடலை விட்டுக் காட்டுக்குள் 415 கிலோமீட்டர் ரயில் போட்டான். முடிந்த இடம் நம் தன்பூஸயாட். மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டுச் செத்த ஆயிரமாயிரம் தமிழர்களுக்கு அங்கே பெயர் பொறித்த கல் கிடையாது. சிப்பாய்களுக்கு உண்டு, வரிசை வரிசையாக.

எல்லை, எரிவாயு எல்லாம் சுருக்கமாக. இந்தியாவும் பர்மாவும் 1986-இல் கடல் எல்லையை ஒத்துக்கொண்டன, நார்கொண்டம் இந்தியாவோடு நின்றது. மூன்று நாட்டு எல்லையும் சந்திக்கும் புள்ளியை 1993-இல் தாய்லாந்தையும் சேர்த்து முடிவுசெய்தார்கள். மார்த்தபான் சேற்றுக்கு அடியில் யதனா வாயு வயல். யதனா என்றால் ரத்தினம், நம் சொல்தான் வாய் மாறியிருக்கிறது. 1998 முதல் குழாய் வழியே வாயு தாய்லாந்துக்குப் போகிறது. மோல்மேனில் இன்றும் கரண்டு போனால் நான் மெழுகுவத்தி தேடுகிறேன்.

சரி, உங்கள் காணாமல்போன கடல். செட்ஸே கரை மிகத் தட்டை. பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டி, வற்று நேரத்தில் போயிருப்பீர்கள். தண்ணீர் கண்ணுக்கெட்டாத தூரம் பின்வாங்கியிருக்கும். இந்த டிசம்பரில் நாள்காட்டியில் அட்டமி பாருங்கள். அது கழிந்து ஒன்றிரண்டு நாளில் ஓதம் மிகச் சிறியது, கடல் அதிகம் ஓடாது. போய் இறங்கியதும் மீன் விற்கிற அம்மாளிடம் தண்ணீர் எப்போது ஏறும் என்று கேளுங்கள், அவர் மணி சொல்வார். மறுநாளுக்கு அதோடு முக்கால் மணிக்கு மேல் கூட்டிக்கொள்ளுங்கள். ஏறும்போது குளியுங்கள், இறங்கும்போது பிள்ளைகளை விடாதீர்கள். பெரிய ஓத நாளில் போய்விட்டால் குளிக்க வேண்டாம், சைக்கமிக்குப் போங்கள். கடலுக்குள் இருக்கும் பகோடாவுக்குப் போகிற நடைபாதையின் கீழ்ப்படிகள் மூழ்குவதையும் திரும்ப எழும்புவதையும் உட்கார்ந்து பார்க்கலாம். ஆறு மணிநேரம் பிடிக்கும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.